கோழிக்குக் கொடுத்த இரும்புத் தொப்பி

எஸ்தர் அப்பாவுக்கு,

கம்பங்கூழ் பானையில் இருக்கிறது, மோர் உறியில். நான் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன். மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றி என் பையில் போட்டிருக்கிறேன், வீட்டில் தேட வேண்டாம்.

நேற்று கண்மாய்க் கரையில் வண்டியோடு விழுந்து எழுந்ததும், “பர்மாவுலயே சாகல, இங்கயா சாகப் போறேன்” என்று சிரித்தீர்கள். பர்மா சண்டையில் உங்கள் தலையில் இரும்புத் தொப்பி இருந்தது. இங்கே அதில் கோழி அடைகாக்கிறது. முட்டைக்குக் கொடுத்த காவலை மண்டைக்கும் கொடுங்கள்.

இந்த வாரம் குஞ்சு பொரித்துவிடும். பிறகு தொப்பியைக் கழுவி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துத் தருகிறேன். அதைப் போட்டுக்கொண்டால்தான் பிளக் கிடைக்கும். அதுவரை நடந்து போங்கள்.

ரூத்

முழங்காலுக்கு டிங்சர் போடுங்கள், ஜன்னலில் இருக்கிறது.

பின்னால் உட்கார்ந்து “இன்னும் வேகமா” என்று கத்தியது நான்தான், மறக்கவில்லை. எனக்கும் ஒரு தொப்பி தேடுங்கள்.