பொட்டு வைத்த நீலத் தாய்

ரீச்சர்,

அறைக்குப் பெயின்ற் அடிக்க ஆள் வந்ததால், நீங்கள் தந்த படத்தை நேற்றுக் கழற்றினேன். ஒன்பது வருடமாக ஒரே ஆணியில் தொங்கிய படம். பின்புறத்து மட்டையில் பழைய சாம்பிராணி மணம் இன்னும் இருந்தது. மூக்கை வைத்துப் பார்த்தேன், வைத்திருக்கக் கூடாது. பிள்ளை பெற்று அறைக்குள் கிடந்த அந்த ஒரு மாதமும் அப்படியே திரும்பி வந்தது.

கண்ணாடியில், படத்திலிருக்கும் தாயின் நெற்றிக்கு நேரே, ஒரு குங்குமப் பொட்டு காய்ந்து கறுத்துக் கிடக்கிறது. மகள் அதைக் கிட்டத்தில் நேற்றுத்தான் பார்த்தாள். “இவவுக்கு ஆரம்மா பொட்டு வைச்சது?” என்றாள். “அப்பம்மா” என்றேன். மிச்சக் கதையை அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். கட்டிலுக்கு எதிரே மாமி ஒரு குண்டுக் குழந்தையின் படத்தை ஒட்டியிருந்தார். தினமும் அதில் கண் விழித்தால் பிள்ளை அழகாகப் பிறக்குமாம். வெள்ளைக்காரக் குழந்தை. என்னைப் பார்க்க வந்த நீங்கள், “இதைப் பாத்துப் பெத்தால் ஊர் என்ன கதைக்கும்?” என்று என் காதுக்குள் கேட்டுவிட்டு, கொழும்பில் வாங்கிச் சட்டம் போட்டு உங்களிடம் வைத்திருந்த இந்தப் படத்தை எடுத்து நீட்டினீர்கள். ஏதோ ஒரு வெளிநாட்டு ஓவியத்தின் அச்சுப் பிரதி. தூரிகையை அழுத்தி இழுத்த தடித்த நீலம். தாயின் கைகள் அளவுக்கு மீறி நீண்டு, பிள்ளையை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தன. முகம் கோணல், கண் குழி. சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

“இதென்ன ரீச்சர், கை கணக்குப் பிழைச்சுப்போச்சு?” என்றேன். அதே பள்ளிக்கூடத்தில் நீங்கள் சித்திர ரீச்சர், நான் கணக்கு ரீச்சர். வேறெப்படிக் கேட்பேன்?

“சித்திரத்தில அது பிழையில்லை. இவ பிள்ளை விழாமப் பிடிச்சிருக்கிறாவோ, தான் விழாமப் பிள்ளையைப் பிடிச்சிருக்கிறாவோ? இப்ப சொல்ல வேண்டாம். பெத்தாப்பிறகு சொல்லுங்கோ.”

தேத்தண்ணியோடு வந்த மாமி, தலையில் நீலத் துணியையும் கையில் பிள்ளையையும் கண்டார். கோயில் மாதா என்றே முடிவு கட்டிவிட்டார். “எந்தச் சாமியெண்டாலென்ன, தாய் தாய்தானே” என்று குங்குமம் எடுத்து வந்து பொட்டும் வைத்தார். நாம் இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். உண்மையைச் சொன்னால் படம் அலுமாரிக்குப் பின்னால் போய்விடும் என்று தெரியும்.

அந்தக் கள்ளம் பிள்ளை பிறந்ததும் பிடிபட்டது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. அதுவரை தாய் வெளியே போகக் கூடாது, அறையில் சாமிப் படமும் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியால் வந்த அன்றே படத்தைக் கழற்ற மாமி கதிரையில் ஏறினார்.

“மாமி, அது சாமியில்லை.”

“அப்ப ஆர்?”

“ஆரோ ஒரு தாய். பிள்ளை பெத்த ஆள்.”

கதிரையில் நின்றபடியே மாமி நெடுநேரம் பார்த்தார். ஐந்து பெற்றவர். “ஓம், இவவும் நித்திரை கொள்ளேல்லப் போல” என்று சொல்லிவிட்டு, படத்தைத் தொடாமல் இறங்கினார்.

பிறகு யன்னல்கள் அடைபட்டன. காதுக்குப் பஞ்சு, காலைக்கும் மாலைக்கும் சாம்பிராணிப் புகை. பிள்ளை அழும், நானும் அழுவேன். ஏனென்று இருவருக்கும் தெரியாது. துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் அதில் ஏறிப் போய்விட வேண்டும் போலிருக்கும். கப்பல் கூட வேண்டாம், கந்தளாய்க்குப் போகிற பஸ் போதும். பிள்ளை இல்லாமல். அப்படி நினைத்ததற்காகவே என்னைப் பேய் என்று நினைத்தேன். எதிரே குண்டுக் குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தது.

பதினேழாம் நாள், மாமி குளிக்கப் போன நேரம் பார்த்து உங்களுக்குப் போன் எடுத்தேன். “ரீச்சர், எனக்குப் பிள்ளையில ஆசை வரேல்ல.”

நீங்கள் திடுக்கிடவில்லை. “வராட்டிப் பரவாயில்லை, பால் குடுக்கிறீங்கள்தானே. ஞாயிற்றுக்கிழமை வாறன். துடக்கு வீடெண்டாலும் தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போவன். அதுவரைக்கும் படத்தில இருக்கிற அவவைப் பாத்துக்கொண்டிருங்கோ.”

வெள்ளிக்கிழமை விடியற்காலை உங்கள் இதயம் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையால்தான் உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோனார்கள்.

பறைச் சத்தம் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். மாமி வாசலில் நின்றார்.

“ஒருக்காப் பாத்திட்டு வாறன் மாமி.”

“பச்சை உடம்பு. துடக்கோட போகேலாது பிள்ளை.”

“தெருப் படலைவரைக்கும்.”

“ஏலாது.” அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார்.

பறை அடைத்த யன்னலுக்கு நேரே வந்தது, கடந்து போனது. யன்னல் பலகையில் ஒரு சிறு இடுக்குக் கூட இல்லை, உங்களை ஒரு முறை பார்க்க. நான் விழப்போனேன். அப்போதுதான் அலுமாரிக் கண்ணாடியில் என்னைக் கண்டேன். முகம் கோணி, கண் குழி விழுந்து, என் கைகள் பிள்ளையை இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தன. பிள்ளை அழவில்லை. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

அவளில் ஆசை பிறகு வந்தது ரீச்சர், வேண்டிய மட்டும் வந்தது. ஆனால் அந்த அறை முழுதாக என்னை விடவில்லை. கப்பல் ஊதினால் இன்றும் கால் ஒருமுறை வாசல் பக்கம் திரும்பும். இதை மகளிடம் சொல்ல முடியாது. மாமியும் இப்போது இல்லை. உங்களிடம்தான் சொல்லலாம்.

பெயின்ற் காய்ந்துவிட்டது. கண்ணாடியைத் துடைக்கவோ என்று பெயின்ற்காரர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பொட்டோடேயே பழைய ஆணியில் மாட்டினேன். எதிரே யன்னல் திறந்திருக்கிறது. துடக்குக் கழிந்த நாளிலிருந்து அதை நான் பூட்டுவதில்லை.

பெற்ற பிறகு சொல்லச் சொன்னீர்கள். நான் விழாமல்தான் ரீச்சர், பிள்ளையைப் பிடித்திருந்தேன். இன்றைக்கும் அப்படித்தான்.