மூத்தாரின் களத்தில் எழுந்த வீடுகள்

பாய்,

கடுகெண்ணெய் வாசம் ஊராட்சி அலுவலகம் வரைக்கும் வருகிறது. வீட்டு வரி கட்ட வந்து நின்ற பெரியவர் அடுத்தடுத்துத் தும்மினார். நம் செயலர் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். "திறந்தே இருக்கட்டும்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும், இன்றைக்கு எனக்கு எதுவும் உறைக்காது. வேலையாட்கள் தங்கும் புதுக் கட்டடத்தில் அடுப்பு மூட்டிவிட்டார்கள் பாய்! காலையில் பால் காய்ச்சினோம். மத்தியானத்துக்குள் வங்காளத்து மினோத்தி வாணலியை ஏற்றிவிட்டாள். உங்களிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும் போலிருக்கிறது. கடைத்தெருவில் உங்கள் மளிகைக் கடை திறந்துதான் இருக்கிறது, கல்லாவில் உங்கள் மகன் இருக்கிறான், நீங்கள்தான் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த எண்ணெயை நம் ஊருக்குள் கொண்டுவந்ததே நீங்கள்தான். சம்பா நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் ரயிலேறி வர ஆரம்பித்த புதிது. உங்கள் கடையில் மஞ்சள் டப்பா அடுக்கியிருந்தீர்கள். "இது என்ன பாய், தலைக்கா, விளக்குக்கா?" என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். "சோத்துக்கும்மா. வளைகுடாவுல நல்லெண்ணெய்க்கு ஏங்குனவன் நானு. ஏங்குறவன்தான் கடைக்காரனுக்கு நல்ல வாடிக்கை" என்று சிரித்தீர்கள். செய்வது உதவியாக இருக்கும், சொல்வது வியாபாரம் மாதிரி இருக்கும். அது உங்கள் வழக்கம்.

நான் தலைவரான கதை உங்களுக்குத் தெரியும். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி. என் கணவரின் அண்ணன், என் மூத்தார், எனக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டார். காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவேன் என்று நம்பித்தான் கேட்டார். நீங்கள் துணைத் தலைவர். முதல் கூட்டத்திலேயே தெருவிளக்குக்காக என்னோடு மல்லுக்கு நின்றீர்கள். அதற்குப் பிறகு சண்டை இல்லாமல் நமக்குள் ஒரு கூட்டமாவது நடந்ததா? கோபம் வந்தால் "பிரசிடெண்டம்மா" என்பீர்கள், சமாதானத்துக்கு வரும்போது "தங்கச்சி" என்பீர்கள். எதைச் சொல்கிறீர்கள் என்பதை வைத்தே டீ சொல்வதா வேண்டாமா என்று செயலர் முடிவு செய்வார்.

நீங்கள் என்னை மோட்டார் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போன நாளை நினைத்துப் பார்க்கிறேன். மூத்தாரின் வயலில் வங்காளத்து ஆட்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தங்கியிருந்தது பம்புசெட்டுக்குக் கட்டின தகரக் கொட்டகை. மோட்டார் ஓடுகிற சத்தத்தில், ஈரத் தரையில், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஒரு கூட்டமே அதற்குள் இருந்தது. கழிப்பறைக்கு வரப்பு, குளிக்க வாய்க்கால். மினோத்தியை அங்கேதான் பார்த்தேன். மெலிந்த பெண், இடுப்பில் அதைவிட மெலிந்த குழந்தை. அன்றைக்கே அந்தக் குழந்தையை அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இந்த ஊர் விலாசம் இல்லையே என்று அங்கன்வாடி டீச்சர் தயங்கினார். "பசிக்கு எந்த ஊரு விலாசம்மா போடுவீங்க?" என்று கேட்டீர்கள். டீச்சர் நல்ல பெண். முதலில் முட்டையைக் கொடுத்துவிட்டு அப்புறம் மேலிடத்தில் கேட்டார்.

திரும்பி வரும்போதுதான் வாய்க்கால் கரை அஞ்சம்மாள் நம்மை மறித்தாள். பக்கத்து வயலில் நம் ஊர்ப் பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் யாராவது பெரிய மனிதர் போனால் நாற்றுமுடியைக் காலடியில் வைத்துக் குலவையிட்டுக் காசு கேட்பது நடவுப் பெண்களின் உரிமை. வைத்த நாற்றைத் தாண்டக் கூடாது, தாண்டினால் லட்சுமியையே மிதித்த மாதிரி. மடியை அவிழ்த்து ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். நான் பர்ஸைத் திறந்தேன். அஞ்சம்மாள் தலையை ஆட்டினாள்.

"காசு வேணாம் பிரசிடெண்டம்மா. மனை குடுங்க. குடமுருட்டியில தண்ணி ஏறுனா எங்க வாய்க்கா கரை குடிசையெல்லாம் மெதக்குது. ஒவ்வொரு மழைக்கும் பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி போடுறீங்க. தொகுப்பு வீடு வந்தாலும் பட்டா இல்லன்னு திருப்பி அனுப்பிடுறீங்க. இப்ப எங்க நடவையும் இந்த வடக்கத்தி ஆளுங்க புடுங்கிக்கிட்டாங்க. அவங்களப் போயி பாத்துட்டு வர்றீங்களே, நியாயமா?"

நீங்கள் வரப்பிலேயே குந்திக்கொண்டீர்கள்.

"அஞ்சம்மா, அவங்க ஏன் கொறஞ்ச கூலிக்கு வர்றாங்க?"

"ஊருல கஞ்சிக்கு இல்ல, வர்றாங்க."

"அது பாதி. மீதியையும் கேளு. அவங்க படுக்குற எடம் மொதலாளியோட கொட்டகை. கூலி பத்தலன்னு வாயத் தொறந்தா, கொட்டகையக் காலி பண்ணுன்னு சொல்லிடுவாரு. குழந்தையத் தூக்கிக்கிட்டு எங்க போவாங்க? தங்குறதுக்குப் பொதுவுல ஒரு எடம் இருந்தா, அவங்களும் நீ கேக்குற கூலியத்தான் கேப்பாங்க."

அஞ்சம்மாள் சேறு காய்ந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அப்ப எனக்கு வீடு கட்டுனா மட்டும் பத்தாதுங்கிறீங்க" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது பாய். அதை அன்றைக்கு உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிண்டல் செய்திருப்பீர்கள்.

ஆனால் இடம்? ஊரில் காலியாக இருந்த நத்தம் புறம்போக்கு ஒன்றே ஒன்று, அரிசி மில்லுக்குப் பக்கத்தில். அதுதான் என் மூத்தார் அப்பா காலத்திலிருந்து நெல் காயப்போடுகிற களம். ஊருக்குச் சொந்தம் என்று எல்லோருக்கும் தெரியும், கேட்கத்தான் ஆள் இல்லை. நான்தான் கேட்க வேண்டும் என்றீர்கள். உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே சமையல்கட்டில் புழங்குகிற குடும்பம் எங்களுடையது. களத்தைக் கேட்டால் என் பதவி போனாலும் பரவாயில்லை, வீடு இரண்டாகும். கேட்காமல் விட்டால் அடுத்த மழைக்கும் அஞ்சம்மாள் பள்ளிக்கூடத்தில்தான் பாய் விரிப்பாள். கடைசியில், மூத்தார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். "சபையில பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கை கழுவ எழுந்துபோனார்.

காந்தி ஜெயந்தி கிராம சபையை இன்னும் ஊரில் பேசுகிறார்கள். வழக்கமாகக் கையெழுத்துக்கு ஆள் தேடி அலைவோம். அன்றைக்குச் சமுதாயக் கூடத்தில் நிற்க இடமில்லை. இரண்டையும் ஒரே தீர்மானமாக வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் நீங்கள். வாய்க்கால் கரைக் குடும்பங்களுக்கு மனைப் பட்டா, அதே இடத்தின் ஒரு ஓரத்தில் வெளியூர் வேலையாட்கள் தங்க ஊராட்சிக் கட்டடம். "ரெண்டாப் பிரிச்சா ஒன்ன வச்சு இன்னொன்ன அடிச்சுடுவாங்க தங்கச்சி" என்றீர்கள். நான் தீர்மானத்தைப் படித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன்.

மூத்தார் எழுந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, குரலை உயர்த்தாத கம்பீரம்.

"நம்ம சனத்துக்கு மனை குடுக்குறத நான் தடுக்கல. வேற எடம் பாருங்க. ஊரு பேரு தெரியாதவங்களுக்கு ஊரு நடுவுல கட்டடம் எதுக்கு? என் கொட்டகையில நான் வச்சுக்கிறேன். அவங்க யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

சபை சலசலத்தது. ஆமாம், யார் கேட்டார்கள் என்று பின்னாலிருந்து சில குரல்கள். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். அவர் வெளியே போனால் பாதி சபை பின்னாலேயே போகும். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

வாசற்படியில் அஞ்சம்மாள் நின்றாள். நடவிலிருந்து நேரே வந்தவள், கொசுவம் தூக்கிச் செருகியபடி, கையில் சேறு சொட்டுகிற நாற்றுமுடி. அவர் காலடியில் வைத்தாள். பின்னாலிருந்து மினோத்தி இன்னொரு முடியை வைத்தாள். நம் பெண்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம்! குலவை வேறு போட்டாள், அது குலவை மாதிரியே இல்லை. பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து இட்ட குலவையில் கூரை அதிர்ந்தது.

தாண்ட முடியுமா? அவர் வயலில் விளக்கேற்றாமல் ஏர் பூட்டாத மனிதர். நின்றார். நின்றவரின் கை பழக்கதோஷத்தில் மடிக்குப் போனது. நோட்டொன்றை எடுத்து நீட்டியும்விட்டார்.

"மடியில கை வச்சிட்டாரு! குடுக்கச் சம்மதிச்சிட்டாரு!" என்று கத்தினீர்களே பாய், அந்தக் குரல் உங்களுக்குள் எங்கே இருந்தது? "எழுதுங்க செயலரே, எழுதுங்க!"

"காசு வேணாங்கய்யா, களத்தக் குடுங்க" என்றாள் அஞ்சம்மாள்.

மூத்தார் நோட்டைப் பார்த்தார், நாற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கண்ணை எடுக்காமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் அதுதான். "அறுவடை முடியட்டும். அதுவரைக்கும் களம் என்னோடது" என்றார். அவ்வளவுதான். சபை கைதட்டியது, யாரோ விசிலடித்தார்கள். அவர் சிரித்தாரா என்று இன்றுவரை ஊரில் இரண்டு கட்சி. நான் பார்த்தேன், உதட்டோரத்தில் ஏதோ இருந்தது. வீட்டில் என்னோடு பல மாதம் பேசவில்லை என்பது வேறு விஷயம். சமையல்கட்டு இன்னும் ஒன்றுதான்.

தீர்மானம் போட்டால் வீடு முளைத்துவிடுமா? தாலுகா ஆபீசுக்கும் பி.டி.ஓ. ஆபீசுக்கும் நாம் அலைந்த அலைச்சலில் தஞ்சாவூர் பஸ் கண்டக்டர்கள் நம்மை உறவாகவே நினைத்துவிட்டார்கள். சர்வேயர் வந்து சங்கிலி இழுத்து மூலைக்கல் நட்ட அன்று, கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பார்த்தது எதுவுமில்லை. ஒரு காலைப்பொழுதில், கடையில் வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். உங்களைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போனபோது தெருமுனையில் நடவுப் பெண்களும் நானும் நின்றோம். மினோத்தியின் ஆட்கள் அப்போது அவர்கள் ஊரில் இருந்தார்கள். தகவல் போய், போனில் அவள் அழுதாள். எனக்கு அவள் மொழி தெரியாது, அழுகை புரிந்தது. மூத்தார் கொள்ளிடக்கரை வயலிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து கடைசி வரிசையில் நின்றார். எனக்கு உங்கள் மேல் ஆத்திரமாக வந்தது. பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளா நீங்கள்? இன்னும் எனக்கு அந்த ஆத்திரம் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

வீடுகள் எழுந்துவிட்டன பாய். அஞ்சம்மாள் தன் வீட்டுக்கு ரோஸ் நிறம் அடித்திருக்கிறாள், கண்ணைப் பறிக்கிறது. வேலையாட்கள் கட்டடத்தில் பெண்களுக்குத் தனி அறை, தனிக் குளியலறை. இந்தச் சம்பாவுக்கு மினோத்தியின் ஆட்கள் அஞ்சம்மாள் கேட்கிற கூலியைத்தான் கேட்டார்கள். மூத்தார் என்னிடம் வந்து, "உங்க பாய் செத்தும் என் மடியில கை வைக்கிறாரு" என்றார். பேசாமல் இருந்தவர் பேசிய முதல் வார்த்தை அது.

இதைக் கேளுங்கள், இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சற்று முன்னால் மினோத்தி அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தாள். கற்றுக்கொண்ட தமிழெல்லாம் கலந்து கொட்டினாள். குழாயில் தண்ணீர் வரவில்லையாம். வருகிற தண்ணீரையும் அஞ்சம்மாள் முதலில் பிடித்துக்கொள்கிறாளாம். "வீடு குடுத்தாப் போதுமா? தண்ணி யாரு குடுப்பா? பிரசிடெண்டுன்னா வந்து பாக்கணும்!" என்று மேசையைத் தட்டினாள். அடுத்த நிமிடம் அஞ்சம்மாள் வந்து அவளுக்கு மேல் கத்தினாள். செயலர் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார்கள்.

பஸ்ஸுக்கு நின்றபோது ஒருநாள் சொன்னீர்களே: "அத்தன வருசம் வளைகுடாவுல இருந்தேன் தங்கச்சி. குடிக்கிற தண்ணி உப்புக் கரிச்சப்பக்கூட ஒரு தடவையும் புகார் சொன்னதில்ல. சொல்றதுக்கு அது என் ஊரு இல்லையே." எனக்கு நீங்கள் விட்டுப்போனது அந்த ஒரு வாக்கியம்தான். யாராவது அலுவலகத்தில் மேசையைத் தட்டினால் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை. கெஞ்சிக்கொண்டு நின்றால்தான் பயமாக இருக்கிறது.

குழாய்க்காரரை அனுப்பியிருக்கிறேன். இன்றைக்குள் சரியாகாவிட்டால் நாளைக்கும் வந்து சத்தம் போடுவேன் என்று மினோத்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். போடட்டும் பாய், அவள் ஊர், அவள் போடுகிறாள்.