கொடைக்கானலுக்கு ஏற்ற மாதம்

கேம்ப் ரோடு, சேலையூர்.
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை.

அன்பு மகள் அபிகாயிலுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஜெஃப்ரியும் குட்டி ஜெரூஷாவும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இடது கண்ணில் புரை வளர்கிறதாம், டாக்டர் அவசரமில்லை என்கிறார். அவருக்கு என்ன, அவர் கண்ணா?

வாட்ஸப் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாம்பரம் தபால் ஆபீஸ் வரை போய் வரிசையில் நிற்கிறார் என்று நீ சிரிப்பாய். வாட்ஸப்பில் எழுதினால் பாதி படிப்பதற்குள் போன் போட்டுவிடுவாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு மீதி வராது. அதனால் இதை முழுவதும் படித்துவிடு. அதன் பிறகு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம்.

அம்மா ஆசைப்பட்ட கொடைக்கானல் ஏரிக்கு நம் வண்டியிலேயே எல்லாரும் போய் வரலாம், டிசம்பர் சரிப்படுமா, இல்லை வேறு எந்த மாதம் நல்லது, அப்பாதான் இதில் எக்ஸ்பர்ட் என்று எழுதியிருந்தாய். எக்ஸ்பர்ட் நான் இல்லை, உன் அம்மா. சர்ச் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிப்புப் போட்டு வைத்திருந்தாள். வண்டியின் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்ததால் அந்தத் தாள் நனையவில்லை. இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

மே வேண்டாம். வத்தலக்குண்டு தாண்டியதிலிருந்தே வண்டிகள் நிற்கும். ஏரியைப் பார்ப்பதை விட, முன்னால் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும். மே மாதத்துக்கு எதிரே அம்மா எழுதியிருப்பது: “கூட்டம். இவருக்குக் கோபம் வரும்.” ஜூன், ஜூலையில் காற்று, சாரல். படகு விடுவது நிச்சயமில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் பச்சையாக இருக்கும், பேரிக்காய் கிடைக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் மத்தியானத்திலேயே மூடுபனி இறங்கிவிடும், மலைப்பாதையில் என் கண்ணை நம்பி ஓட்ட முடியாது. உனக்கும் அப்போது லீவு கிடையாது.

அக்டோபர், நவம்பரில் மலையில் மண் சரியும், மரம் விழும். அம்மாவின் குறிப்பு வேறு மாதிரி இருக்கிறது: “ஊரை விட்டு நகரக் கூடாது.” பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்குத்தான் இது புரியும். மற்றவர்களுக்கு மழைக்காலம் என்றால் குடை. எங்களுக்குக் காவல் வேலை.

பிப்ரவரிக்குத்தான் இரட்டை வட்டம் போட்டிருக்கிறாள். “குளிர் தாங்கும். பள்ளிக்கூடப் பரீட்சை நேரம், கூட்டம் இராது. ஏரியைச் சுற்றி நடக்கலாம்.” நடக்கலாம் என்பதற்கு அடியில் கோடு. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் இருக்கிறது. உன் அம்மாவுக்கு அப்போது வாசல் கேட் வரை நடப்பதே பெரும்பாடு. முட்டி மாற்று ஆபரேஷனைப் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். நான்தான் கணக்குப் போட்டேன். பிப்ரவரியில் ஏரியைச் சுற்ற வேண்டுமானால் நவம்பரில் ஆபரேஷன் முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருஷமும் போய்விடும் என்று. அவளும் சரி என்றாள். மழைக்காலத்தில் அவளைப் படுக்கையில் போட்டுவிட்டேன் என்பது அந்தக் கணக்கில் வரவேயில்லை.

நீ கேட்ட டிசம்பரைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். அதற்கு முன் வண்டியைப் பற்றி நான் சொன்ன ஒரு பொய்யை உடைத்துவிடுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் நான் அதில்தான் சர்ச்சுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லி வருகிறேன் அல்லவா? இல்லை. ஷேர் ஆட்டோவில் போகிறேன். வண்டி இந்த ஒன்றரை வருஷமும் படப்பையில் மெக்கானிக் ஐசக்கின் ஷெட்டில் உறை போட்டு நிற்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அவர் ஸ்டார்ட் செய்து வைப்பார். போன மாதம் போயிருந்தபோது, “வண்டி சும்மா கிளி மாதிரி கீது சார், நீங்கதான் ஏற மாட்டேங்கறீங்க, வயசாயிடுச்சுன்னா வித்துடுங்க” என்றார். வயதாகிவிட்டது என்று நானும் ஒத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் அந்த வண்டியின் கதவைத் திறந்தால் முதலில் பின் சீட்டுத்தான் கண்ணில் படுகிறது. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

ஞாயிறு.

சர்ச்சுக்குப் போய் வந்து, சாப்பிட்டு, மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் வந்தது. பெருமழை எச்சரிக்கை வந்ததும் ஆளாளுக்குத் தங்கள் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக விட்டுவிட்டு, நடந்து வீட்டுக்கு வந்துவிடுவோம். முந்தினவருக்குத்தான் இடம். இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷ வெள்ளத்தில் நம் பழைய வண்டி இன்ஜின் வரை சேறாகி வீணானது உனக்குத் தெரியும். அதனால் நான் ஒவ்வொரு வருஷமும் முதல் ஆட்களில் ஒருவனாக இருப்பேன். தெருவில் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகிப் பதினெட்டு நாள். அந்த டிசம்பர் ஞாயிறு, காலை ஆறரை மணி. தெரு வாட்ஸப் குழுவில், பாலத்தில் இன்னும் பத்து வண்டிக்குத்தான் இடம் என்று யாரோ போட்டார்கள். நான் அதற்கு முன்பே பின் சீட்டை நிரப்பியிருந்தேன். பெட்ஷீட்டில் சுற்றிய டிவி, மிக்ஸி, பத்திரப் பெட்டி, உன் சர்டிபிகேட் பைல். சாவியை எடுக்கும்போது அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி, “என்னையும் வண்டியிலயே கூட்டிட்டுப் போயிடுங்களேன்” என்றாள்.

உன்னிடம் இதுவரை சொன்னது வேறு. வண்டியை முந்தின நாளே மேட்டில் விட்டாயிற்று, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ தேடிப் போனேன், அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னேன். அது பொய். நான் ஆட்டோ தேடவில்லை. காரை நிறுத்தப் போனேன்.

பாலத்து மேல் ரெண்டு நாள் உட்கார்ந்திருப்பியா, பாத்ரூமுக்கு எங்கே போவே என்று கேட்டேன். அக்கறையாகத்தான் கேட்டேன் என்று முதல் ஒரு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. ஆபரேஷன் காலை மடக்கி அவளால் முன் சீட்டில் உட்கார முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததே பின் சீட்டில் காலை நீட்டி, அடியில் தலையணை வைத்துத்தான். அந்த இடத்தில் இப்போது டிவி இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. இரண்டாம் தடவை, “டிவிய எறக்கி வெச்சிடுங்க, போனாப் போகுது” என்றாள். இறக்கி ஏற்றுவதற்குள் இடம் போய்விடும், அரை மணியில் வந்துவிடுகிறேன் என்று எரிந்து விழுந்தேன். பிளாஸ்கில் டீ, போன், வாக்கர் மூன்றையும் கட்டில் பக்கத்தில் வைத்தேன். அவளால் எழுந்து தாழ்ப்பாள் போட முடியாது என்று வெளியே பூட்டிக்கொண்டு போனேன்.

பாலத்தில் இந்தப் பக்கம் நிரம்பிவிட்டது. சுற்றிக்கொண்டு மறு முனைக்குப் போய், இரண்டு வண்டிக்கு நடுவில் நுழைத்து நிறுத்தினேன். நிறுத்திவிட்டு ஒரு போட்டோ எடுத்து, இடம் கிடைத்துவிட்டது என்று குழுவில் போட்டேன். அந்தப் போட்டோ இன்னும் போனில் இருக்கிறது. நேரம் ஏழு ஐம்பத்திரண்டு. நம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது ஏழே முக்காலுக்கு என்று பக்கத்து வீட்டு லோகநாதன் பிற்பாடு சொன்னார்.

அவள் எனக்கு நான்கு தடவை போன் செய்திருக்கிறாள். மழை இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. இறங்கி வந்தால் வேளச்சேரி ஏரித் தண்ணீர் சாலையில் புரண்டு வருகிறது, கயிறு கட்டி ஆட்களைப் பிடித்துப் பிடித்து விடுகிறார்கள். மார்பளவுத் தண்ணீரில் நான் நடந்து வந்தது பொய்யில்லை. ஆனால் வீட்டுக்கு வரும்போது மணி பத்தரை. லோகநாதன் தன் மாடியிலிருந்து, “அம்மா பத்திரமா கீறாங்க, பதறாம வாங்க சார்” என்று கத்தினார். முன்கதவில் பூட்டு தொங்கியதால் கடப்பாரையால் பின்கதவை உடைத்துத்தான் அவரும் அவர் தம்பியும் அவளைத் தூக்கியிருக்கிறார்கள். அதற்குள் ஒன்றரை மணி நேரம் அவள் இடுப்பளவுச் சாக்கடைத் தண்ணீரில் இருந்துவிட்டாள், ஆறாத தையலோடு.

லோகநாதன் வீட்டுப் பெண்களின் சேலையைக் கட்டிக்கொண்டு, பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும், “வண்டிக்கு இடம் கெடச்சுதா?” என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். நல்லதாப் போச்சு என்றாள். குத்தலாகச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு மூன்றாம் நாள் காய்ச்சல், பதினோராம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. மரணச் சர்டிபிகேட்டில் நிமோனியா என்று இருக்கிறது.

நினைவுக் கூட்டத்தில் நீ அனுப்பிய அஞ்சலியைப் பாஸ்டர் வாசித்தார். அம்மாவுக்காக வெள்ளத்தில் நடந்த அப்பா என்று எழுதியிருந்தாய். நான் முதல் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அடக்கமான மனுஷர் என்று பேசிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் லோகநாதன் கைகட்டி நின்றிருந்தார். குழுவில் நான் போட்ட படம் அவர் போனிலும் இருக்கிறது. அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாறாக, தினமும் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்பினார். அதைச் சாப்பிட முடியாமல்தான் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே சேலையூர் மாடிக்கு வந்தேன். தண்ணீருக்குப் பயந்து வந்ததாக உன்னிடம் சொன்னதும் பொய்தான். டிவி நன்றாக ஓடுகிறது என்று வீட்டு ஓனர் பையன் போட்டுப் பார்த்துச் சொன்னான். நான் போடுவதில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நீ திட்டம் போட்டிருக்கிறாய். அப்பா ஓட்ட, ஜெஃப்ரி முன்னால் உட்கார, நீயும் ஜெரூஷாவும் பின்னால் அம்மா போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு வருவதாக. அந்தப் பின் சீட்டில் உன்னை உட்கார வைத்து, எதுவும் தெரியாதவனாகத் திருச்சி, திண்டுக்கல் என்று ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்ட என்னால் முடியாது. கண்ணாடியில் உன் முகம் தெரியும். அபி, எனக்குப் பயமாக இருக்கிறது. நீ இதைப் படித்த பிறகு எனக்கு மகள் இருப்பாளா என்று பயம். நான் எழுதாமல் இருந்தால், அம்மாவை இரண்டாம் தடவையும் பூட்டிவிட்டு வந்ததாக ஆகும்.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அதைக் கேட்க வேண்டியது உன் அம்மாவிடம். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ ஜெபத்தில் என் பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் செய்வதை நிறுத்திவிடு. சொல்வதானால் நடந்ததைச் சொல்லி ஜெபம் பண்ணு.

கொடைக்கானல் போகும் விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் பின்பாதியில் மழை விட்டிருக்கும். காலை எட்டு மணி வரை ஏரி மேல் பனி கிடக்கும், பிறகு வெயில் வரும், ஜெரூஷாவுக்கு ஸ்வெட்டர் கனமாக வேண்டும். கிறிஸ்துமஸ் கூட்டம் இருக்கும். அம்மா டிசம்பருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை, காலியாக விட்டிருக்கிறாள். பிப்ரவரிதான் நல்ல மாதம். அவள் சொன்னதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

இப்போது மலை ஏற இ-பாஸ் வாங்க வேண்டும். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வண்டி நம்பர் கேட்டது, போட்டேன். எந்தத் தேதி, எத்தனை பேர் என்று அடுத்து கேட்கிறது. அந்த இரண்டு கட்டத்தையும் நிரப்பவில்லை. நான் தனியாகப் போகப் போவதில்லை. நீ எண்ணிக்கையை எழுதி அனுப்பினால் ஐசக்கிடம் போய் உறையைக் கழற்றுகிறேன். அனுப்பாவிட்டாலும் நீ என் பிள்ளைதான், அதில் மாற்றமில்லை.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பாராக. ஜெரூஷாவுக்குத் தாத்தாவின் முத்தம். அங்கே மழை எச்சரிக்கை ஏதாவது வந்தால், எதையும் எடுக்காதே, எதையும் ஏற்றாதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலில் வெளியே வா.

உன் அப்பா,
சத்தியநாதன்.