லாக்கூர்நெவ் வரை நான் தனியாக வருவேன்

டண்டினொங்,
மெல்பேர்ண்.
மார்ச் 22

அன்புள்ள தம்பி சூசைதாசனுக்கு,

உனக்கும் நிரஞ்சலாவுக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் துணை இருக்கட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். என் முழங்காலும் ஆறிவிட்டது.

தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் நீ என்னைப் பேசி முடிக்க விடுவதில்லை. போன ஞாயிறு நான் வாயைத் திறக்கும் முன்பே, "அக்கா, உங்களுக்கு என்ன விசரே? பேசாம வீட்டில இருங்கோவன்" என்று சொல்லிவிட்டு, போனை என் மகனிடம் கொடுக்கச் சொன்னாய். பிறகு நீயும் றெக்சனுமாக என்னைப் பற்றி ஒரு முடிவு எடுத்தீர்கள். நான் வேலையை விட வேண்டும், பாரிசுக்கு வரும் எண்ணத்தையும் விட வேண்டும். அவ்வளவும் நடக்கும்போது நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். எனக்குக் கண்ணில்தான் வருத்தம், காதில் இல்லை.

றெக்சன் உனக்குச் சொன்னது பாதிக் கதை. முழுவதையும் நான் சொல்கிறேன். கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடிப் பக்கப் பார்வை போகத் தொடங்கியதும் என் கார் லைசென்சை எடுத்துவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். நேரே பார்த்தால் இன்னும் தெரிகிறது. ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போல. அதனால் கிளேட்டனில் இருக்கும் முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலைக்கு ரயிலில் போய் வந்தேன். தை மாதத்தில் ஒரு நாள் ரயில் பாதையில் வேலை என்று ரயிலுக்குப் பதிலாக பஸ் விட்டார்கள். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற பஸ் ஒன்று, நிற்காமல் போகிற பஸ் ஒன்று. நான் ஏறியது நிற்காத பஸ். கிளேட்டன் கடந்து போவதை ஜன்னலால் பார்த்தபடி கோல்ஃபீல்ட் வரைக்கும் போனேன். மழை. இறங்கும்போது நடைபாதையின் விளிம்பு தெரியாமல் விழுந்தேன். பச்சை மேலங்கி போட்ட ஒரு பொடியன் என்னைத் தூக்கி இருத்தி, றெக்சனுக்கு போன் எடுத்தான்.

இவ்வளவும் நீ கேட்டிருப்பாய். றெக்சன் சொல்லாததைக் கேள். அவன் வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்தான். வீட்டுக்கு வந்ததும் என் கைப்பையைத் திறந்து, ரயிலுக்குத் தட்டுகிற மைக்கி அட்டையை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். "அம்மா, இனிப் போதும்" என்றான். பயத்தில்தான் செய்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தம்பி, பெற்ற தாயின் கைப்பையைத் திறக்கும் உரிமையைப் பயம் எவருக்கும் கொடுப்பதில்லை. முழங்கால் வீக்கம் வற்றியதும் நான் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடைக்கு நடந்துபோய் இன்னொரு மைக்கி வாங்கினேன்.

அதோடு நிற்கவில்லை. பார்வை குறைந்தவர்களுக்கு நடை பழக்குகிற ஒரு இடத்துக்கு நானே போன் எடுத்தேன். மேகன் என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். வெள்ளைத் தடியை எப்படிப் பிடிப்பது, பிளாட்பார விளிம்பில் இருக்கும் மஞ்சள் புடைப்புகளைக் காலால் எப்படி அறிவது, ஏறுமுன் வாய் விட்டு எப்படிக் கேட்பது என்று காட்டினாள். இப்போது நான் எந்த பஸ்ஸிலும் ஏறுமுன் ட்ரைவரிடம் கேட்கிறேன். என் இங்கிலிஷ் அவருக்கு விளங்காவிட்டால் விளங்கும் வரைக்கும் கேட்கிறேன். பின்னால் நிற்பவர்கள் நிற்கட்டும்.

தடியைக் கண்டதும் மருமகள் டில்ஷா, "மாமி, பூசைக்கு மட்டும் அதைக் கொண்டு வராதேங்கோ, சனம் கதைக்கும்" என்றாள். நீயும், பிச்சைக்காரி என்று நினைப்பார்கள் என்றாய். நினைக்கட்டும். நான் பிச்சைக்குப் போகவில்லை, வேலைக்குப் போகிறேன். டில்ஷா சொன்ன அடுத்த ஞாயிறே தமிழ்ப் பூசைக்குத் தடியோடு போய் முன் வாங்கில் இருந்தேன். சனம் கதைத்ததுதான். பூசை முடிந்ததும் ஒரு மனிசி மெல்ல வந்து, தன் புருஷனுக்கும் இதே வருத்தம், இரண்டு வருடமாக வாசலைத் தாண்டவில்லை, மேகனின் நம்பர் தருவீர்களா என்று கேட்டாள். கொடுத்தேன்.

இனி றெக்சன் விஷயம். ஒரு காலையில் நான் கிளேட்டனில் இறங்கிச் சனம் எல்லாம் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன். எல்லோரும் போன பிறகும் ஒரு சோடி பாரமான சப்பாத்து மட்டும் எனக்குப் பின்னால் நடந்து வந்து நின்றது. நான் திரும்பாமலே, "றெக்சன், உனக்கு வேலைக்குப் பிந்துது, போ" என்றேன். சப்பாத்து எனக்குப் பக்கத்தில் வந்தது. பிறகு, "எத்தினை நாளாத் தெரியும்?" என்று கேட்டான். இன்றைக்குத்தான் என்றேன். அவனோ அந்தக் கிழமை முழுவதும் அடுத்த பெட்டியில் வந்திருக்கிறான். நான் பிசகினால் ஓடி வந்து பிடிக்கலாம் என்றுதானாம். நான் ஒரு நாளும் பிசகவில்லை என்பதையும் அவனே சொன்னான். இல்லத்தின் வாசல் வரைக்கும் வந்தான், கையைப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு காலையில் நான் தடியை விரிக்கும்போது, "போட்டு வாங்கோ அம்மா" என்று மட்டும் சொல்கிறான். ஞாயிறு உன்னோடு சேர்ந்து அவன் தலையாட்டியது நீ மாமன் என்ற மரியாதைக்கு. அதைப் பெரிதாக எடுக்காதே.

நான் ஜூன் மாதம் பாரிசுக்கு வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. என் உழைப்பில் போட்டது. உங்கள் மெற்றோவில் படிகளும் கூடுதல், கள்ளரும் கூடுதல், இரைச்சலும் கூடுதல் என்றாய். எல்லாம் விசாரித்துவிட்டேன். விமான நிலையத்துக்குள் கூட்டிப் போக ஆள் கேட்டிருக்கிறேன். அவர்கள் என்னை ரயிலடியில் விடுவார்கள். ஆர்.ஈ.ஆர் பி ரயில் பாதையில் சில ரயில் இடையில் நிற்காமல் நேரே கார் து நோர் ஸ்டேஷனுக்கு ஓடிவிடும், சில ரயில்தான் உன் லாக்கூர்நெவ்வில் நிற்கும் என்பதும் தெரியும். ஏறுமுன் கேட்பேன். அதற்கு வேண்டிய பிரெஞ்சை இரவும் பகலும் சொல்லிப் பார்க்கிறேன். டில்ஷா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அடுத்த வருடம் ஆறுதலாக வரலாமே என்று மட்டும் நீ சொல்லாதே. கண் டாக்டர் என்ன சொன்னார் என்றும் கேட்காதே. நீ கொழும்பில் பிளேன் ஏறியபோது உனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் உன்னை நேரில் காணவில்லை. இப்போது தலை நரைத்துவிட்டது என்று நிரஞ்சலா சொல்கிறாள். போனில் வருகிற படத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை.

ஆகவே தம்பி, விமான நிலையத்துக்கு வராதே. உன் ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்கு வா, வெளிச்சமான இடமாகப் பார்த்து நில். பக்கத்தில் வந்து தோளைத் தொடாதே. எனக்கு நேரே, முகத்துக்கு முகம் வந்து நில். நான் பார்த்து முடிக்கும் வரைக்கும் அசையாதே.

மருதமடு மாதா உன்னையும் உன் வீட்டையும் காப்பாளாக.

உன் அக்கா,
அன்னமலர்