நீ ஏறி வந்த படிகள்

இன்று காலை பாசாரில், பாலிக் புலாவிலிருந்து வந்து கடை போடும் அக்கா சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய் டப்பாவைத் திறந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீதான் வந்துவிட்டாய் என்று திரும்பிப் பார்த்தேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது.

சுங்கை பினாங் பிளாட்டில் நீ நான்காவது மாடி, நான் ஒன்பதாவது. இருபத்தைந்து வருஷம் பேக்டரி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். மாதம் ஒரு முறையாவது முட்டிக்கொள்வோம். தப்பு யார் மேல் இருந்தாலும் மூன்றாம் நாள் சாயங்காலம் நீதான் ஒரு பொட்டலம் ஜாதிக்காயோடு படியேறி வருவாய். நம் லிப்ட் ஓடிய நாளைவிட நின்ற நாள்தானே அதிகம். மன்னிப்பு என்ற பேச்சே கிடையாது. டீ போடச் சொல்வாய், நான் போடுவேன், அவ்வளவுதான்.

அது உன் சுபாவம், தானாக நடக்கிற காரியம் என்றே நினைத்திருந்தேன். தூக்கத்தில்கூட உன் கால் என் வீட்டுக்கு வந்துவிடும் என்று ஒருமுறை கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் படியில நின்னு, போவமா வேணாமான்னு யோசிச்சுதான் வரேன்லா. உனக்கு என்னா தெரியும்?"

கடைசிச் சண்டை தைப்பூசத்தின்போது வந்தது. நீ மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் வருஷா வருஷம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், எங்கள் தண்ணீர்ப் பந்தலில் என்னோடு நிற்பாய். அந்த வருஷம் கால் வீங்கியிருக்கிறது, நிற்க முடியாது என்றாய். சாக்குச் சொல்லாதே என்றேன், நான்கு பேர் முன்னால்.

மூன்றாம் நாள் நீ வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. லிப்ட் வழக்கம்போல் கெட்டிருந்தது. பாசாருக்குப் போகும்போதும் வரும்போதும் நான்காவது மாடியைத் தாண்டித்தான் நடந்தேன். உன் வாசலில் செருப்பு கிடந்தது. எப்போதும் வருகிறவள்தானே, வரட்டும் என்று வீம்பாக ஏறினேன்.

பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை உயிரில்லாமல் கொண்டுவந்தார்கள். உன் வீட்டுக்காரர் என்னைக் கோபித்துக்கூடக் கொள்ளவில்லை.

"ரெண்டு தடவ உன்னைப் பாக்க ஏறிப் பாத்தா, தங்கச்சி. ஆறாவது மாடிக்கு மேல முடியல. உட்கார்ந்துட்டுத் திரும்பிட்டா."

வருவது உன் வழக்கம், காத்திருப்பது என் வழக்கம் என்று இருந்துவிட்டேன். நீ ஒவ்வொரு முறையும் யோசித்து வந்தாய். காத்திருந்ததும் நான் ஒவ்வொரு முறையும் எடுத்த முடிவுதான். சுபாவம் என்று பேர் வைத்துத் தப்பித்துக்கொண்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எதிர் பிளாக்கில் இருக்கும் என் மகளோடு ஐந்து நாளாகப் பேச்சில்லை. இன்று ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் படியேறினேன். பாதியில் மூச்சு வாங்க நின்றபோது, திரும்பிவிடலாம் என்று நிஜமாகவே தோன்றியது. இத்தனை வருஷம் நீ நின்ற இடம் இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டு மேலே ஏறினேன்.