தாய்மாமனாக வேண்டியவரை அழைத்தது குறித்து

அனுப்புநர்:
கோ. துரைசாமி,
ஈசூன் அடுக்குமாடிக் குடியிருப்பு,
சிங்கப்பூர்.

பெறுநர்:
தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
ரோஸ்ஹில் மகளிர் மருத்துவமனை,
சிங்கப்பூர்.

பொருள்: எங்கள் சம்மதம் கேளாமல் என் மச்சான் திரு. சுப்பிரமணியத்தை விந்து தானத்துக்கு அழைத்தது குறித்தும், அவருக்கு உண்மையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியும்.

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு ஆங்கிலம் வேலைக்குப் போதுமான அளவு உண்டு. இந்த விஷயத்தைச் சொல்லும் அளவு இல்லை. ஆகவே தமிழில் எழுதுகிறேன். இதைத் தங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்போகும் தமிழ் அன்பருக்கும் ஒரு வேண்டுகோள்: தேக்காச் சந்தையிலோ பெருமாள் கோயிலிலோ என்னைப் பார்க்க நேர்ந்தால், தயவுசெய்து பார்க்காததுபோல் போய்விடவும்.

1. எனக்கும் என் மனைவி சந்திரமதிக்கும் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை இல்லை. குறை என்னிடம்தான் என்று தங்கள் மருத்துவமனையில்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இதை எழுதும்போதே உடம்பு கூசுகிறது. மருந்து மாத்திரையால் ஆகாது, வேறொருவரின் விந்தைக் கொண்டுதான் என் மனைவி தாயாக முடியும் என்றார்கள்.  வெகுநாள் கழித்து அவள் சரி என்றாள். நானும் சரி என்றேன். அதில் இன்றும் எனக்கு மாற்றமில்லை.

2. சென்ற நவம்பரில் தங்கள் ஆலோசகர் அம்மையார் எங்களை உட்காரவைத்து, தானம் கொடுப்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார். நிறம் என்ன, உயரம் என்ன, படிப்பு என்ன என்று வரிசையாகக் கேள்விகள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னை இவ்வளவு கேட்கவில்லை. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சந்திரமதி தலை நிமிராமல், இவரைப் போல இருந்தால் போதும் என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, எங்காவது போய் ஒளிந்துகொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

3. இந்தியர்கள் தானம் கொடுப்பது மிகக் குறைவு, என் சாயலில் யாரும் இல்லை என்றார் அம்மையார். பிறகு பேச்சோடு பேச்சாக, என் சொந்தத்தில் என்னைப் போல முகமுள்ளவர் யாராவது சிங்கப்பூரில் உண்டா என்று விசாரித்தார். எதற்கு என்று யோசிக்காமல், உட்லண்ட்ஸில் இருக்கும் என் தாய்மாமன் மகன் சுப்பிரமணியத்தைச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் அச்சு அசலாக ஒரே மூக்கு. அவர் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பதையும் நானே சொன்னேன். மூக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தேன், ஐயா.

4. தங்கள் கணக்கில் அவர் எனக்கு இரத்த சம்பந்தம், என் மனைவிக்கு அந்நியர், ஆகவே பொருத்தமானவர். எங்கள் முறை அப்படி இல்லை. தாய்மாமன் மகன் எனக்கு மச்சான் என்றால், என் மனைவிக்கு அவர் அண்ணன். இது வாய்வார்த்தைக்கு மட்டுமான உறவும் அல்ல. சந்திரமதிக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. எங்கள் கல்யாணத்தில் அண்ணன் ஸ்தானத்தில் நின்று எல்லாச் சடங்கும் செய்தவர் அவர்தான். பொங்கல் தவறாமல் புடவையும் கரும்புமாக, லிஃப்டை விட்டு இறங்கும்போதே தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார். எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதை மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் அவர். அவரைப் போய் அந்தப் பிள்ளைக்குத் தகப்பனாக வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

5. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், டிசம்பரில் அவருடைய பட்டறைக்கே தொலைபேசி செய்திருக்கிறார்கள். மருத்துவமனை என்றதும் தங்கச்சிக்கு என்னவோ ஏதோ என்று பதறி, வேலை உடுப்போடு ஓடி வந்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் வராது என்பதால் தங்கள் ஊழியர் எல்லாவற்றையும் மலாயில் விளக்கினாராம். என் மனைவிகூட வாய்விட்டுச் சொல்லாத என் குறையை அவர் அப்படித்தான் தெரிந்துகொண்டார். அது போகட்டும். புருஷனும் மனைவியும் சேர்ந்துதான் அவர் பெயரைக் கொடுத்தோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அன்று மாலை மச்சான் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தங்கச்சியுமா மச்சான் சரின்னு சொல்லுச்சு என்று மட்டும் கேட்டார். நான் இல்லை என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

6. இந்தப் பொங்கலுக்கு அவர் வரவில்லை. லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சந்திரமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அண்ணன் தன்னை எப்படிப்பட்டவள் என்று நினைத்திருப்பார் என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். இனிச் சிகிச்சைக்கு வரமாட்டேன், பிள்ளையே வேண்டாம் என்கிறாள். நேரில் சொல்லிவிடலாம் என்று நான் உட்லண்ட்ஸுக்குப் போனேன். அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம்வரை போய், லிஃப்டில் ஏறாமல் திரும்பி வந்துவிட்டேன். எந்த முகத்தோடு போய், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? அவருக்கும் என்னைப் பார்த்தால் அதே கூச்சம்தானே இருக்கும்.

7. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து, தங்கள் கையெழுத்துடன் அவருக்குத் தமிழில் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அவரைக் கேட்கும்படி நாங்கள் சொல்லவில்லை என்றும், அவரை அழைத்தது சந்திரமதிக்குத் தெரியவே தெரியாது என்றும், பிழை மருத்துவமனையுடையது என்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். மறுபடியும் தொலைபேசி வேண்டாம். பட்டறைக்கு அனுப்பவும் வேண்டாம். வீட்டு முகவரியை இத்துடன் இணைத்திருக்கிறேன். உறையின்மேல் மருத்துவமனையின் பெயர் இல்லாதிருந்தால் நல்லது.

8. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால், என் மனைவியைத் திரும்பவும் சிகிச்சைக்கு அழைத்து வருவது என் பொறுப்பு. நிறம், உயரம், மூக்கு என்று இனி நாங்கள் எதுவும் கேட்கமாட்டோம். தானம் கொடுப்பவர் எந்த ஊர்க்காரராக, எந்த இனத்தவராக இருந்தாலும் சம்மதம். பிள்ளை யார் சாயல் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். தகப்பனைத் தாங்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் தேடித் தரலாம், ஐயா. தாய்மாமன் எங்களுக்கு இவர் ஒருவர்தான்.

இடம்: ஈசூன், சிங்கப்பூர்
நாள்: 3.2.1987

கூச்சத்துடனும் பணிவுடனும்,
கோ. துரைசாமி