சாமிக்கு மாலை, பியருக்கு நான்

சாமி,

மாலை போட்டவரைத் திட்டக்கூடாதாம், அதனால மரியாதையாவே கேக்குறேன். சின்ன அறையில பீப்பா, குழாய், போத்தலெல்லாம் வாங்கி அடுக்கி, பியரைப் புளிக்க வச்ச மறுநாளே சபரிமலைக்கு மாலை போடுவாங்களா? விரதத்துல நீங்க அதைத் தொடக்கூடாதுன்னா, வேற யார் தொடுறது?

சாயந்தரம் குருசாமி வர்றார். அந்த அறையைப் பூட்டிட்டேன், சாவி அரிசி வாளிக்குள்ள. வாசம் எங்கேருந்துன்னு கேட்டா, நீங்க பொய் சொல்லக்கூடாது. சத்தமா சரணம் சொல்லுங்க. சுண்டல் அடுப்புமேல இருக்கு. நான் வத்தேகமவுக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன்.

இந்திராணி

பி.கு. நீங்க சுவத்துல எழுதி ஒட்டினபடியே போன வாரம் போத்தல்ல அடைச்சேன். இன்னைக்கு ஒண்ணைத் திறந்து ருசியும் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. அக்காவுக்கு ரெண்டு எடுத்துட்டுப் போறேன். நீங்க மலைக்குப் போய் வர்றவரைக்கும் மிஞ்சும்னு நினைக்காதீங்க.